முதல் எச்.எம்.டி. வாட்ச்: தேடுவது, வாங்குவது, கட்டுவது

கைக்கடிகாரம் சேர்க்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது "என்ன பிராண்ட் வாங்கலாம்?" என்றுதான். நான் எப்போதும் சொல்லும் பதில், சாவி கொடுத்து ஓட்டும் பழைய எச்.எம்.டி. ஒன்றை வாங்குங்கள் என்பதே. வாங்கியதைக் கட்டுங்கள். அது கைக்கு நன்றாகப் பழகிய பிறகு அடுத்ததை யோசிக்கலாம்.

சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் வேறு. இந்த வாட்சைத் திறந்து சரிசெய்யத் தெரிந்தவர்கள் நம் ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள். உதிரி பாகம் கிடைக்கிறது. ஒரே மெஷின் பல மாடல்களில் ஓடுகிறது. டயல் அசலா, மெஷின் சுத்தமா, விற்கிறவர் உண்மை சொல்கிறாரா என்று பார்க்கப் பழகுவதற்கு இதைவிடக் குறைந்த செலவில் வேறு பள்ளிக்கூடம் கிடையாது. இந்தக் கண் பழகாமல் விலை உயர்ந்த சுவிஸ் வாட்ச் பக்கம் போகிறவர்கள் அதிகப் பணம் கொடுத்து இதே பாடத்தைப் படிக்கிறார்கள்.

கொஞ்சம் பின்னணி

எச்.எம்.டி. என்கிற ஹிந்துஸ்தான் மெஷின் டூல்ஸ் 1953இல் பெங்களூரில் தொடங்கிய அரசு நிறுவனம். ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு கைகோத்து 1961இல் கைக்கடிகாரத் தொழிற்சாலையைத் திறந்தது. முதல் தொகுப்பை வெளியிட்டவர் நேரு. ஆரம்பகால வாட்ச்கள் சிலவற்றின் டயலில் எச்.எம்.டி.யோடு சிட்டிசன் பெயரும் சேர்ந்தே இருக்கும். பிறகு தும்கூர், ஸ்ரீநகர், ராணிபாக் என்று தொழிற்சாலைகள் பெருகின. பரீட்சையில் தேறினால் ஒன்று, வேலை கிடைத்தால் ஒன்று, கல்யாணத்துக்கு ஒன்று என்று நாடு முழுக்க எச்.எம்.டி. கட்டிய காலம் அது.

1984இல் டாடாவும் தமிழ்நாடு அரசின் தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோவும் சேர்ந்து டைட்டனைத் தொடங்கின. ஓசூர் தொழிற்சாலையிலிருந்து மெலிசான, அழகான, பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ் வாட்ச்கள் வரத் தொடங்கியதும், தினமும் சாவி கொடுக்கும் வாட்சை வாங்க ஆள் குறைந்தது. எச்.எம்.டி. நஷ்டத்தில் இறங்கி மீளவே இல்லை. 2016 ஜனவரியில் எச்.எம்.டி. வாட்சஸ் நிறுவனத்தை மூட மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது.

வாங்கப்போகிற உங்களுக்கு இந்த வரலாறு எதற்கு என்றால், சந்தையில் உள்ள சாவி வாட்ச்களில் மிகப் பெரும்பாலானவை பத்து, இருபது, நாற்பது வருடம் பழையவை. எச்.எம்.டி. பெயரில் நிறுவனமே நேரடியாக விற்பவை தனிக் கணக்கு. மற்றபடி யாராவது எச்.எம்.டி.யின் ஜனதா மாடல் ஒன்றை நீட்டி "பழைய ஸ்டாக், பெட்டியே பிரிக்கலை" என்றால், சந்தேகத்தோடுதான் கையில் வாங்க வேண்டும்.

முதலில் வீட்டில் தேடுங்கள்

பீரோவின் உள் அறை, தாத்தாவின் டிரங்குப் பெட்டி, அம்மாவின் பழைய நகைப்பெட்டி, இந்த மூன்றையும் பார்க்காமல் பணத்தை எடுக்காதீர்கள். எச்.எம்.டி. இல்லாவிட்டாலும் சிங்கப்பூரிலிருந்தோ வளைகுடாவிலிருந்தோ வந்த சீக்கோ 5, சிட்டிசன், ரிகோ ஏதாவது கிடைக்கும். இன்னும் பழைய வீடு என்றால் ஃபாவ்ர் லூபாவோ வெஸ்ட் எண்டோ இருக்கலாம். பெரியம்மா, சித்தப்பா வீடுகளிலும் கேட்டுப் பாருங்கள். "அது ஓடாதுப்பா, எடுத்துக்கோ" என்று சொல்லிக் கொடுத்துவிடுவார்கள்.

கிடைத்தவுடன் செய்யக் கூடாதது ஒன்று உண்டு: ஆர்வத்தில் முழுச் சாவி கொடுத்து, குலுக்கி, ஓடவைக்கப் பார்ப்பது. பல வருடம் கிடந்த வாட்சில் எண்ணெய் காய்ந்து பிசின் மாதிரி ஆகியிருக்கும். அப்படியே ஓட்டினால் சக்கரங்களின் அச்சு தேயும். இரண்டு மூன்று சுற்று மட்டும் மெதுவாகச் சாவி கொடுத்துப் பாருங்கள். நொடி முள் நகர்ந்தால் சந்தோஷம், நகராவிட்டாலும் கவலை இல்லை. இரண்டு நிலையிலும் அடுத்து அது போக வேண்டிய இடம் ரிப்பேர் கடைதான்.

"ஓவரா சாவி கொடுத்து ஸ்பிரிங் இறுகிப்போச்சு, அதான் ஓடலை" என்று வீட்டில் பலர் சொல்வார்கள். ஸ்பிரிங் முழுதாகச் சுற்றியிருப்பது ஒரு கோளாறே இல்லை. அதற்குத்தான் அதைச் செய்திருக்கிறார்கள். முழுச் சாவியோடு வாட்ச் நின்றிருந்தால், அழுக்கும் காய்ந்த எண்ணெயும் சக்கரங்களைப் பிடித்திருக்கின்றன என்று அர்த்தம். சர்வீஸ் செய்தால் பெரும்பாலும் ஓடிவிடும்.

1960களுக்கு முந்தைய வாட்சில் இருட்டில் ஒளிரும் புள்ளிகள் இருந்தால் அது ரேடியமாக இருக்க வாய்ப்பு உண்டு. மூடிய நிலையில் வைத்திருங்கள், நீங்களாகக் கண்ணாடியைக் கழற்றி அந்தப் பூச்சைச் சுரண்ட வேண்டாம்.

எந்த மாடல்

வீட்டில் ஒன்றும் கிடைக்கவில்லை, வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் என் தேர்வு ஜனதா. எளிமையான டயல், தேதி கிடையாது, கெட்டுப்போக அதிகம் ஒன்றும் இல்லை. உள்ளே 0231 என்ற மெஷின். 17 ஜுவல்ஸ், மணிக்கு 18,000 அடிப்பு. அதாவது நொடிக்கு ஐந்து. காதில் வைத்தால் அவசரமில்லாமல் டிக் டிக் என்று கேட்கும் பழைய சத்தம் இதுதான். ஜுவல் என்பது செயற்கை மாணிக்கக் கல். சக்கர அச்சுகள் உலோகத்தில் உராயாமல் இந்தக் கற்களில் சுழல்வதால்தான் ஐம்பது வருடம் கழித்தும் மெஷின் பிழைத்திருக்கிறது. பல ஜனதா டயல்களில் பாராஷாக் என்றும் எழுதியிருக்கும். கீழே விழுந்தால், உள்ளே ஊசலாடும் பேலன்ஸ் சக்கரத்தின் மெல்லிய அச்சு முறியாமல் காக்கும் சிட்டிசனின் ஏற்பாடு அது.

பைலட் அடுத்தது. கறுப்பு டயல், பெரிய வெள்ளை எண்கள். இன்றைக்கு இளைஞர்கள் அதிகம் தேடுவது இதைத்தான், அதனால்தான் சந்தையில் போலி டயல்கள் அதிகம் உள்ளதும் இதில்தான். முதல் வாட்சாக வாங்க நான் பரிந்துரைக்க மாட்டேன். டயலைப் பார்க்கத் தெரிந்த பிறகு வாங்கலாம். சோனா மெலிசாக, தங்க முலாம் பூசி, சட்டைக் கைக்குள் அடங்கும். வேட்டி சட்டைக்கு இதைவிடப் பொருத்தமான வாட்ச் எனக்குத் தெரியாது. ஆனால் முலாம் தேய்ந்திருக்கிறதா என்று நன்றாகப் பார்க்க வேண்டும். கை அசைவிலேயே தானாகச் சாவி ஏறும் காஞ்சன், ரஜத் போன்ற தானியங்கிகளைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள், காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

அளவைப் பற்றி ஒரு வார்த்தை. ஜனதா 35 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். இப்போது கடைகளில் 42, 44 என்று பார்த்துப் பழகியவர்களுக்கு முதலில் "சின்னதா இருக்கே" என்று தோன்றும். ஒரு வாரம் கட்டிப் பாருங்கள், கை பழகிவிடும். நம் ஊர் மணிக்கட்டுகள் பலவற்றுக்கு இதுதான் சரியான அளவு. ஸ்ட்ராப் மாட்டும் கால்கள் மணிக்கட்டின் ஓரத்தைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், எவ்வளவு நல்ல வாட்சாக இருந்தாலும் இரவல் வாங்கிக் கட்டியது போலத்தான் தெரியும்.

டயலைப் படியுங்கள்

இந்தப் பொழுதுபோக்கில் ஒரே ஒரு திறமையைத்தான் கற்க முடியும் என்றால் இதைக் கற்றுக்கொள்ளுங்கள்.

பழைய வாட்சின் டயல் மங்கும், புள்ளி விழும், ஓரம் பழுக்கும். விற்கிறவர்கள் அதைச் சுரண்டிவிட்டுப் புதுப் பெயிண்ட் அடித்து, எழுத்துகளை மறுபடி அச்சடித்து, "புதுசு மாதிரி" என்று விற்கிறார்கள். இதற்கு ரீடயல் என்று பெயர். இணையத்தில் ஆரஞ்சு, பச்சை, ஊதா என்று பளபளக்கும் எச்.எம்.டி.களில் பெரும்பகுதி இந்த வகைதான். தேசியக் கொடி, ராணுவச் சின்னம், விமானப் படம் போட்ட பைலட்களைப் பார்த்தால் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுங்கள்.

எப்படிக் கண்டுபிடிப்பது? கண்ணில் மாட்டும் லென்ஸ் ஒன்று வாங்குங்கள், பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டுவது போதும். வெயில் வெளிச்சத்தில் முதலில் எச்.எம்.டி. என்ற எழுத்தைப் பாருங்கள். தொழிற்சாலை அச்சில் எழுத்தின் விளிம்பு கத்தியால் வெட்டியது போல இருக்கும், மை ஒரே கனத்தில் நிற்கும். ரீடயலில் விளிம்பு கசங்கி, சில இடத்தில் மை தடித்து, சில இடத்தில் மெலிந்து இருக்கும். அடுத்து சின்ன எழுத்துகள். 17 ஜுவல்ஸ் என்பதில் எழுத்துகளுக்கு இடையிலான இடைவெளி சமமா? ஏதாவது ஒரு எழுத்து வரியைவிட்டுக் கீழே இறங்குகிறதா? அப்புறம் ஓரத்திலுள்ள நிமிடக் கோடுகள். 12, 3, 6, 9 ஆகிய இடங்களில் நிமிடக் கோடும் மணிக் குறியும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். மறு அச்சில் இது அரை முடி அளவாவது விலகும். கடைசியாக முட்களின் நடுத் துளை. டயலைக் கழற்றி வேலை பார்த்திருந்தால் துளையைச் சுற்றிக் கீறலோ பெயிண்ட் திட்டோ தெரியும்.

நல்ல அசல் டயலின் படங்களைக் கைப்பேசியில் சேர்த்து வையுங்கள். வாங்கப்போகிறதை அதன் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். எழுத்தின் வடிவம், அது நிற்கும் உயரம், முட்களின் நீளம் எல்லாம் பொருந்த வேண்டும். நிமிட முள் நிமிடக் கோட்டைத் தொடாமல் பாதி வழியில் நின்றால் அது வேறு வாட்சின் முள்.

என் கருத்தை உறுதியாகவே சொல்கிறேன். லேசாகப் பழுத்து, ஓரத்தில் ஒரு கறையோடு இருக்கும் அசல் டயல், கண்ணைப் பறிக்கும் ரீடயலைவிடப் பல மடங்கு மதிப்புள்ளது. அந்தக் கறை யாரோ ஒருவர் முப்பது வருடம் வேலைக்குக் கட்டிப்போனதால் வந்தது. அதைச் சுரண்டி எறிந்துவிட்டால் மிஞ்சுவது பழைய மெஷின்மேல் ஒட்டிய புதுப் படம். ரீடயல் வாட்சைக் கட்டுவது குற்றம் ஒன்றும் இல்லை. அதற்கு அசல் விலை கொடுக்காதீர்கள் என்பதே நான் சொல்வது.

பின்மூடியைத் திறக்கச் சொல்லுங்கள்

நேரில் வாங்கினால் கடைக்காரரிடம் மரியாதையாகக் கேளுங்கள்: "அண்ணே, பின்னாடி கொஞ்சம் திறந்து காட்டுங்க, மெஷினைப் பார்த்துக்கறேன்." நேர்மையான கடைக்காரர் முகம் சுளிக்காமல் திறப்பார். "அதெல்லாம் பார்க்கத் தேவையில்லை தம்பி" என்றால் நன்றி சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம்.

உள்ளே முதலில் பார்க்க வேண்டியது துரு. அதிலும் சாவியின் தண்டு உள்ளே நுழையும் இடத்தைச் சுற்றி. வியர்வையும் மழைத்தண்ணீரும் நுழையும் வாசல் அதுதான். அங்கே பழுப்பாகப் பொரிந்திருந்தால் வேண்டாம். அடுத்து திருகாணிகளின் தலையைப் பாருங்கள். வெட்டுகள் சிதைந்து, சுற்றிலும் கீறல் இருந்தால் கை பழகாதவர்கள் பலமுறை திறந்திருக்கிறார்கள். மெஷினில் எச்.எம்.டி. பெயரும் ஜுவல் எண்ணிக்கையும் பொறித்திருக்கிறதா, டயல் சொல்வதோடு அது ஒத்துப்போகிறதா என்றும் சரிபாருங்கள்.

இப்போது நின்றிருக்கும் வாட்சுக்கு மூன்று நான்கு சுற்று மட்டும் சாவி கொடுங்கள். பேலன்ஸ் சக்கரம், அதாவது முன்னும் பின்னும் ஊசலாடும் அந்தப் பெரிய சக்கரம், குலுக்காமல் தானாகவே அசையத் தொடங்க வேண்டும். அது நல்ல ஆரோக்கியத்தின் அடையாளம். குலுக்கினால்தான் ஓடுகிறது, கிடைமட்டத்தில் ஓடி நிமிர்த்தினால் நிற்கிறது என்றால் சர்வீஸ் செலவைக் கணக்கில் வைத்து விலை பேசுங்கள். அந்தச் சக்கரத்தின் மேல் முடி போல ஒரு மெல்லிய சுருள் தெரியும், அதுதான் ஹேர் ஸ்பிரிங். சுருள்கள் சம இடைவெளியில், நடுவிலிருந்து ஒரே சீராக விரிந்து சுருங்க வேண்டும். ஒரு பக்கம் ஒட்டிக்கொண்டு, இன்னொரு பக்கம் அகன்று இருந்தால் யாரோ கை வைத்துக் கெடுத்திருக்கிறார்கள்.

இணையத்தில் வாங்குவது என்றால் நான்கு படமும் ஒரு வீடியோவும் கேளுங்கள். பகல் வெளிச்சத்தில் நேராக எடுத்த டயல், பின்மூடி, திறந்த மெஷின், பக்கவாட்டில் கால்களின் ஓரம் ஆகியவை படங்கள். நொடி முள் ஒரு நிமிடம் ஓடுவது வீடியோ. படம் அனுப்ப நேரமில்லை என்கிறவருக்குப் பணம் அனுப்ப நமக்கும் அவசரமில்லை.

ரிப்பேர்காரர்

வாங்கிய கையோடு சர்வீஸ் செய்துவிடுவது நல்லது. "சர்வீஸ் பண்ணியாச்சு" என்று விற்கிறவர் சொன்னாலும்கூட. பல சமயம் அது மெஷினில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டதோடு முடிந்திருக்கும். சரியான சர்வீஸ் என்றால் மெஷினை முழுக்கப் பிரித்து, ஒவ்வொரு பாகத்தையும் கழுவி, மறுபடி கோத்து, தேவையான இடத்தில் மட்டும் எண்ணெய் வைப்பது.

உங்கள் ஊரில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்திலோ பழைய கடைவீதியிலோ கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் வயதான ரிப்பேர்காரர் ஒருவர் இருப்பார். செல் மாற்றுவது மட்டும்தான் இப்போது அவருக்கு வேலையாக இருக்கும். சாவி வாட்சோடு போய் நின்றால் அவர் முகமே மாறும். ஆனால் கொடுப்பதற்கு முன் நாலு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். டயலைத் தொடக் கூடாது. கேஸை, அதாவது வாட்சின் வெளிக்கூட்டை, பாலிஷ் போடக் கூடாது. ஏதாவது பாகம் மாற்றினால் பழையதைத் திருப்பித் தர வேண்டும். மாற்றும் முன் போன் செய்து கேட்க வேண்டும். இதைச் சொல்லாவிட்டால், நமக்கு நல்லது செய்கிறோம் என்று நினைத்தே அவர் கேஸைப் பளபளவென்று தேய்த்து, கூர்மையான விளிம்புகளை மழுக்கிவிடுவார். அது திரும்ப வராது.

0231 மெஷின் பல மாடல்களில் உள்ளதால், ஓடாத இன்னொரு வாட்சிலிருந்து பாகம் எடுத்துப் போடுவது வழக்கம். அதில் தவறில்லை. என்ன மாற்றினார்கள் என்று நமக்குத் தெரிந்தால் சரி.

கண்ணாடி கீறலாக இருந்தால் உடனே மாற்ற வேண்டாம். பழைய எச்.எம்.டி.யின் கண்ணாடி பெரும்பாலும் அக்ரிலிக். பஞ்சுத் துணியில் கொஞ்சம் வெள்ளைப் பற்பசை வைத்து, வட்டமாகச் சில நிமிடம் தேய்த்தால் மெல்லிய கீறல்கள் போய்விடும். ஆழமான வெடிப்பு என்றால் மாற்றித்தான் ஆக வேண்டும், அதற்குச் செலவு அதிகமில்லை.

எவ்வளவு சரியாக ஓட வேண்டும்

சர்வீஸ் முடிந்து வந்ததும் கைப்பேசி நேரத்தோடு பொருத்தி, ஒரு நாள் விட்டுப் பாருங்கள். பழைய சாவி வாட்ச் ஒரு நாளைக்கு அரை நிமிடம் முன்னேயோ பின்னேயோ போனால் திருப்தியாக இருக்கலாம். டயல் மேலே பார்க்க ஒரு இரவு, கீழே பார்க்க ஒரு இரவு, சாவி கீழே இருக்கும்படி நிறுத்தி ஒரு இரவு என்று வைத்துக் குறித்துக்கொண்டு ரிப்பேர்காரரிடம் சொன்னால், அவர் உள்ளே உள்ள சின்ன நெம்பை நகர்த்திச் சரிசெய்வார்.

நன்றாக ஓடிக்கொண்டிருந்த வாட்ச் திடீரென்று ஒரு நாளைக்குப் பல நிமிடம் முன்னால் ஓடினால் காந்தம் ஏறியிருக்க வாய்ப்பு அதிகம். ஸ்பீக்கர், காந்த மூடி வைத்த கைப்பேசி உறை, லேப்டாப் ஓரம் என்று வீடு முழுக்க இப்போது காந்தம்தான். ஹேர் ஸ்பிரிங்கின் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதால் அது குட்டையாகி, வேகம் கூடிவிடுகிறது. சாதாரணத் திசைகாட்டியை வாட்ச் அருகே கொண்டுபோங்கள், முள் ஆடினால் காந்தம்தான். இதை நீக்கும் கருவி ரிப்பேர் கடைகளில் இருக்கும், சில நொடி வேலை.

தினமும் கட்டுவது

காலையில், ஒரே நேரத்தில், கையிலிருந்து கழற்றிய நிலையில் சாவி கொடுங்கள். கையில் கட்டியபடியே கொடுத்தால் தண்டு பக்கவாட்டில் இழுபட்டுத் தேயும். இனி சுற்றாது என்று விரலுக்குத் தெரிந்ததும் நிறுத்துங்கள், அதற்கு மேல் ஒரு சுற்றுகூட வேண்டாம். இப்படிக் கொடுத்தால் மறுநாள் காலை வரை நிம்மதியாக ஓடும்.

தண்ணீர் விஷயத்தில் இரக்கமே காட்டாதீர்கள். பழைய எச்.எம்.டி. பின்மூடியில் என்ன எழுதியிருந்தாலும் அது தண்ணீர் தாங்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். ரப்பர் வளையம் எப்போதோ காய்ந்திருக்கும். குளியல், பாத்திரம் கழுவுவது, மழை எல்லாவற்றுக்கும் கழற்றி வையுங்கள். புது வாட்ச்களிலேயே 30 மீட்டர் என்று எழுதியிருந்தால் கை கழுவும்போது தெறிக்கும் நீருக்கு மட்டும் என்று அர்த்தம். நீந்த வேண்டுமானால் 100 மீட்டர் என்று எழுதியது வேண்டும். கண்ணாடிக்குள் ஆவி படிந்தால் "காய்ந்துவிடும்" என்று வெயிலில் வைக்காமல் அன்றைக்கே கடைக்குக் கொண்டுபோங்கள். ஒரு வாரம் தள்ளிப்போட்டால் துரு ஆரம்பித்துவிடும்.

நம் வெயிலுக்கு ஸ்ட்ராப் பெரிய பிரச்சினை. தோல் ஸ்ட்ராப் அழகுதான், ஆனால் சித்திரை, வைகாசியில் வியர்வை ஊறி இரண்டே மாதத்தில் நாற்றம் எடுக்கும். மார்கழி, தை மாதங்களுக்கும் விசேஷ வீடுகளுக்கும் தோலை வைத்துக்கொண்டு, மற்ற நாட்களில் நைலான் ஸ்ட்ராப் போடுங்கள். வாரம் ஒருமுறை சோப்புத் தண்ணீரில் அலசிக் காயவைத்துவிடலாம். இன்னொரு நன்மையும் இருக்கிறது. வாட்சின் பின்னால் ஒரே பட்டையாக ஓடும் நைலான் ஸ்ட்ராப் என்றால், ஸ்ட்ராப்பைப் பிடித்திருக்கும் பின் (சின்னக் கம்பி) ஒரு பக்கம் தெறித்தாலும் வாட்ச் கீழே விழாது. வாங்கும் முன் கால்களுக்கு இடைப்பட்ட தூரத்தை ஸ்கேலால் அளந்துகொள்ளுங்கள். எச்.எம்.டி. ஆண்கள் வாட்ச்களில் 18 மில்லிமீட்டர் அதிகம் வரும்.

ஸ்ட்ராப் மாற்றும் சின்னக் கருவியை வாங்கிக்கொண்டால் வீட்டிலேயே செய்யலாம். கால்களின் உள்பக்கத்தில் செலோடேப் ஒட்டிவிட்டு வேலையைத் தொடங்குங்கள், கருவி வழுக்கினாலும் கீறல் விழாது. பின்னை மாட்டியதும் ஸ்ட்ராப்பை ஒருமுறை நன்றாக இழுத்துப் பாருங்கள். அது துளையில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

கட்டும் இறுக்கம்: சுண்டு விரல் ஸ்ட்ராப்புக்குள் நுழைய வேண்டும். மணிக்கட்டு எலும்புக்கு மேலே, முழங்கை பக்கமாகக் கட்டினால் கையை மடக்கும்போது சாவி குத்தாது. மாலையில் கழற்றியதும் உலர்ந்த பருத்தித் துணியால் பின்மூடியைத் துடைத்து வையுங்கள். வியர்வை உப்பு அரித்த பின்மூடிகளை நிறையப் பார்க்கலாம், எல்லாமே துடைக்காமல் விட்டதால் வந்தவை.

வைப்பதும் எழுதிவைப்பதும்

ஒன்றிரண்டு வாட்ச்களுக்குத் தனிப் பெட்டி தேவையில்லை. காற்றுப் புகாத டப்பா, உள்ளே மெத்தென்று துணி, இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலம் போதும். கடலோர ஊர்க்காரர்கள் சிலிக்கா ஜெல்லை மறக்கவே கூடாது. கட்டாத வாட்சுக்கு அவ்வப்போது சாவி கொடுத்து ஓடவிட்டுப் பாருங்கள், கோளாறு இருந்தால் சீக்கிரம் தெரியும். பேட்டரி வாட்ச்களும் வைத்திருந்தால், நின்றுபோனதிலிருந்து செல்லை உடனே எடுத்துவிடுங்கள். தீர்ந்த செல் உள்ளேயே கசிந்தால் மெஷினைக் காப்பாற்றுவது கஷ்டம்.

ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். எங்கே, யாரிடம், எவ்வளவுக்கு வாங்கினீர்கள், பின்மூடியில் என்ன எண், எப்போது சர்வீஸ், என்ன பாகம் மாற்றினார்கள் என்று ஒரு வாட்சுக்கு ஒரு பக்கம். நான்கைந்து வருடத்துக்கு ஒருமுறை சர்வீஸ் செய்ய வேண்டும் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ள முடியாது, எழுதி வைத்தால்தான் உண்டு. வீட்டிலிருந்து வந்த வாட்ச் என்றால், யார் கட்டியது, எப்போது வாங்கியது என்று பெரியவர்களிடம் இப்போதே கேட்டு எழுதிவிடுங்கள்.

அடுத்த வாட்ச்

முதல் வாட்சை ஒரு வெயில் காலமும் ஒரு மழைக் காலமும் கட்டிய பிறகு அடுத்ததுக்குப் போங்கள். அதற்குள் உங்களுக்கு என்ன பிடிக்கிறது என்று தெரிந்திருக்கும். டயல் பார்க்கும் கண் வந்திருந்தால் பைலட், மெலிசு பிடித்தால் சோனா. ஒரே நேரத்தில் பத்து வாட்சைக் குவிப்பதை நான் ஏற்பதில்லை. பத்தில் எட்டு சர்வீஸ் இல்லாமல் டப்பாவில் கிடக்கும், கட்டாத வாட்சைப் பற்றி நமக்கு எதுவுமே தெரியாது.

தானியங்கிகளைத் தள்ளிப்போடச் சொன்னதற்குக் காரணம் இதுதான். காஞ்சன் ஒரு காலத்தில் கல்யாண மாப்பிள்ளைகளுக்காகத் தேடி அலைந்து வாங்கிய வாட்ச், இன்றும் கையில் கட்டினால் தனி மிடுக்கு. ஆனால் தானியங்கியில் பாகங்கள் அதிகம், சர்வீஸ் செலவு அதிகம், சரியாகச் செய்யத் தெரிந்தவர்கள் குறைவு. பார்க்கும்போது வாட்சைக் காதருகே வைத்து மெதுவாகச் சாய்த்துப் பாருங்கள். உள்ளே சுழலும் எடை உராய்வது போலக் கரகரவென்று கேட்டால் அதன் அச்சு தேய்ந்திருக்கிறது. கிழமையும் தேதியும் உள்ள தானியங்கியில் இரவு ஒன்பது மணிக்கும் விடிகாலை மூன்று மணிக்கும் இடைப்பட்ட நேரத்தில் தேதியைக் கையால் மாற்றாதீர்கள். அந்த நேரத்தில் தேதிச் சக்கரத்தைத் தள்ளும் பல் ஏற்கெனவே பிடித்திருக்கும், நாமும் தள்ளினால் முறியும். முட்களை ஆறு மணிக்குக் கொண்டுவந்துவிட்டுத் தேதியை மாற்றி, பிறகு நேரத்தைச் சரியாக வைப்பது பாதுகாப்பான வழி.

பெங்களூர் போகிறவர்கள் ஜாலஹள்ளியில் உள்ள எச்.எம்.டி. பாரம்பரிய மையத்துக்கு ஒரு முற்பகலை ஒதுக்குங்கள். 2019இல் திறந்த அருங்காட்சியகம் அது. வாட்ச் எப்படிச் செய்தார்கள் என்பதோடு, அசல் டயல்களை வரிசையாகக் கண்ணாடிக்குப் பின்னால் பார்க்கலாம். லென்ஸையும் உங்கள் வாட்சையும் மறக்காமல் எடுத்துப் போங்கள், எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட நல்ல இடம் இல்லை.